குறை சொல்வது குற்றமா? புலம்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலை செய்யும் இடத்தில், உறவினர் வீட்டில், பயணத்தில் என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் என் காதைக் கடிக்கிறார். மனிதர்கள் இப்போது பேசும் விதம், சிரிக்கும் விதம், வாங்கிக் குவிக்கும் விதம் பற்றித்தான் புலம்பல். கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். பதில்களில் என் சொந்த எரிச்சலும் கொஞ்சம் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதைப் பார்த்தாலும் குறை சொல்றேன்னு வீட்ல திட்டறாங்க. எனக்கு நிஜமாவே வயசாயிடுச்சா?

வயதை விடுங்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகள்" என்று ஆரம்பிக்கும் புலம்பல் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறது. 2019-இல் ஜான் ப்ராட்ஸ்கோ, ஜொனாதன் ஸ்கூலர் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். நிறைய வாசிக்கிறவர்களுக்குத்தான் இப்போதைய பிள்ளைகள் வாசிப்பதில்லை என்ற எண்ணம் அதிகம். அதிகாரத்துக்கு அடங்கி நடப்பதைப் பெரிதாக நினைக்கிறவர்களுக்குத்தான் பிள்ளைகளிடம் மரியாதை குறைந்துவிட்டதாகத் தோன்றுகிறது. நாம் எதில் கெட்டியோ, அதில்தான் அடுத்த தலைமுறை மட்டமாகத் தெரிகிறது. இன்றைய நம்மை வைத்தே அன்றைய பிள்ளைகளையும் நினைத்துக்கொள்கிறோம்.

அதனால் "காலம் கெட்டுப்போச்சு" வகைப் புலம்பலை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: வசதி யாருக்கு, வேலை யாருக்கு? ஒருவர் தன் வேலையை மிச்சப்படுத்திக்கொண்டு அதை உங்கள் தலையில் கட்டினால் உங்கள் புலம்பலில் நியாயம் இருக்கிறது. யார் தலையிலும் எதுவும் ஏறவில்லை, உங்களுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்றால் அது ரசனை. அதற்காக அடுத்தவரைத் திட்ட முடியாது. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் வருகிறது.

பக்கத்தில ரெண்டு பேர் நேர்ல பேசினா தூங்கிடறேன். ஒருத்தர் போன்ல பேசினா மட்டும் ஏன் இப்படி எரிச்சல் வருது?

இதற்குச் சோதனை செய்தே பதில் கண்டிருக்கிறார்கள். 2010-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லாரன் எம்பர்சனும் கூட இருந்தவர்களும், கவனம் தேவைப்படும் வேலை ஒன்றைச் சிலரிடம் கொடுத்துவிட்டுப் பின்னணியில் பேச்சை ஓடவிட்டார்கள். இரண்டு பேரின் முழு உரையாடல் கேட்டபோது வேலை கெடவில்லை. ஒருவர் மட்டும் தொடர்ந்து பேசியபோதும் கெடவில்லை. உரையாடலின் ஒரு பாதி மட்டும் காதில் விழுந்தபோதுதான் தவறுகள் கூடின. அந்தப் பாதியையே சொற்கள் புரியாதபடி மழுப்பிப் போட்டபோது பாதிப்பு மறைந்துவிட்டது.

ஆக, குற்றவாளி சத்தம் அல்ல. "ஆமா… ஐயோ… எப்போ?… அவளா சொன்னா?" என்று ஒருவர் நிறுத்தி நிறுத்திப் பேசும்போது, விட்ட இடத்தில் என்ன வந்திருக்கும் என்று உங்கள் மூளை உங்களைக் கேட்காமலேயே ஊகிக்க ஆரம்பித்துவிடுகிறது. சம்பந்தமில்லாத ஒருவரின் குடும்பச் சண்டையில் பாதி வசனத்தை நீங்கள் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். களைப்பு வராமல் என்ன செய்யும்?

அப்போ ஸ்பீக்கர்ல போட்டுப் பேசினா ரெண்டு பக்கமும் கேக்குமே. அது நல்லதுதானே?

இதை என்னிடம் சிரிக்காமல் கேட்டவர் ஒருவர் இருக்கிறார். இல்லை, நல்லதல்ல. ஊகிக்கும் வேலை குறையலாம். ஆனால் வேறு இரண்டு தொல்லைகள் சேர்கின்றன. ஒன்று, போனின் சின்ன ஒலிபெருக்கி கனத்த ஒலிகளை விட்டுவிட்டுக் கீச்சென்ற ஒலிகளைத்தான் நன்றாகக் கொடுக்கும். காதில் குத்துவது அதனால்தான். இரண்டு, சுற்றிலும் சத்தம் இருக்கும் இடத்தில் மனிதன் தன்னை அறியாமல் குரலை உயர்த்துவான். எத்தியென் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் பதிவு செய்த விஷயம் இது. ஒருவர் ஸ்பீக்கரில் பேசினால் பக்கத்தில் இருப்பவர் குரலை உயர்த்துவார், அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் இன்னும் உயர்த்துவார்.

மறுமுனையில் இருக்கும் ஆளையும் மறக்க வேண்டாம். தன் மருத்துவப் பரிசோதனை முடிவை முன்பின் தெரியாத பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. எனக்கு இதில் பெரிய எரிச்சலே அதுதான்.

இயர்போன் இல்லாமல் ஓடவிடும் ரீல்ஸ் குறும்படங்களுக்கும் இதே பதில்தான். கூடுதலாக, அங்கே அதே பதினைந்து விநாடி இசை மறுபடி மறுபடி வரும்.

வாய்ஸ் மெசேஜ் அனுப்பறது தப்பா? டைப் பண்ணச் சோம்பேறித்தனமா இருக்கு.

கேள்வியிலேயே பதிலைச் சொல்லிவிட்டீர்கள். முதல் பதிலில் சொன்ன அளவுகோலை இங்கே வைத்துப் பார்ப்போம். 2019-இல் 37,000 பேரைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வில், கைப்பேசியில் தட்டச்சு செய்யும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 36 சொற்கள் என்று வந்தது. பேசும்போது 150 சொற்கள் வரை சாதாரணமாகப் போகும். அதாவது அனுப்புகிறவருக்கு நான்கு மடங்கு லாபம். ஆனால் படிக்கும் வேகம் பேசும் வேகத்தைவிட அதிகம். நிமிடத்துக்கு 240 சொற்களுக்குப் பக்கத்தில் வரும். இவை ஆங்கிலத்துக்கான கணக்குகள் என்றாலும், பேச்சைவிடப் படிப்பு வேகம் என்பது எந்த மொழிக்காரருக்கும் அனுபவத்தில் தெரிந்ததுதான்.

நேரத்தோடும் முடியவில்லை. நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி நீளத்தில் ஒரு குரல் பதிவு வருகிறது. "ம்… ஒண்ணுமில்ல… அது என்னன்னா…" என்று ஆரம்பம். நடுவில் யாரிடமோ "இதோ வந்துட்டேன்" என்கிறார். மூன்றாவது நிமிடத்தில் ஒரு முகவரி வந்து போகிறது. அடுத்த வாரம் அந்த முகவரி தேவைப்பட்டால் தேட வழியில்லை. மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். வாட்ஸாப்பில் குரல் பதிவு 2013-இல் வந்தது. வேகமாக ஓடவிடும் வசதியை 2021-இல் கொடுத்தார்கள். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் எத்தனை "ம்…"களை முழு நீளத்தில் கேட்டிருப்போம் என்று யோசியுங்கள்.

விதிவிலக்கு நிறைய உண்டு. எழுதப் பழகாதவர்கள், கண் பார்வை மங்கியவர்கள், கையில் வேலை இருப்பவர்கள் பேசி அனுப்பட்டும். துக்கத்தில் இருப்பவருக்கு எழுத்தைவிடக் குரல்தான் பொருத்தம். குழந்தையின் குரலை யார் வேண்டாம் என்பார்கள்? மற்றவர்களுக்கு ஒரு யோசனை: குரல் பதிவுக்குக் கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள். "முகவரி கேட்டீர்களே, அது பற்றி, அவசரமில்லை." அது போதும்.

நீல டிக் வந்தாச்சு, பதில் வரலை. வேணும்னே அவமானப்படுத்தறாங்களா?

இல்லை. பெரும்பாலும் மறதி. வாட்ஸாப் இந்த நீலக் குறியை 2014 நவம்பரில் கொண்டுவந்தபோது எழுந்த கூச்சலில், சில நாட்களிலேயே அதை அணைத்து வைக்கும் வசதியையும் கொடுக்க வேண்டி வந்தது. அணைத்தால் அடுத்தவர் படித்தாரா என்பதும் உங்களுக்குத் தெரியாது; குழுக்களில் அணைப்பு செல்லாது. கடிதக் காலத்தில் எதிராளி உறையைப் பிரித்த நேரம் நமக்குத் தெரியாமல் இருந்தது ஒரு பெரிய நிம்மதி. அந்த நிம்மதியை நீங்களே திருப்பி எடுத்துக்கொள்ளலாம், அமைப்புகளில் ஒரே ஒரு தட்டு.

"ஹாய்"னு மட்டும் அனுப்பிட்டு உக்காந்திருக்காங்களே, அவங்களை என்ன செய்யறது?

நேரில் கதவைத் தட்டுகிற பழக்கம் அங்கேயும் வந்துவிட்டது, அவ்வளவுதான். மரியாதையாக நினைத்துத்தான் செய்கிறார்கள். "சொல்லுங்க, பார்த்துட்டு அப்புறம் பதில் போடறேன்" என்று எழுதிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். இரண்டு மூன்று முறைக்குப் பிறகு விஷயத்தோடு வருவார்கள்.

குரூப்ல இருந்து யாருக்கும் தெரியாம வெளிய போக முடியுமா?

ஏறக்குறைய முடியும். 2022-இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு நீங்கள் வெளியேறும்போது குழு நிர்வாகிகளுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும். ஆனால் முன்னாள் உறுப்பினர் பட்டியலில் 60 நாட்களுக்கு உங்கள் பெயர் இருக்கும். துருவிப் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். உங்கள் உறவினர் வட்டத்தில் துருவாதவர் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

சண்டை வேண்டாம் என்றால் ஒலியை நிறுத்திக் காப்பகத்தில் தள்ளிவிடுங்கள். யார் உங்களைக் குழுவில் சேர்க்கலாம் என்பதையும் 2019 முதல் நீங்களே முடிவு செய்யலாம். கேட்காமல் சேர்ப்பது, பிறகு வெளியேறினால் கோபப்படுவது என்ற இரட்டை நியாயத்துக்கு நான் என்றும் தலை வணங்கியதில்லை.

நான் விளையாட்டா எழுதி அனுப்பறது எல்லாம் சண்டையில முடியுது. என் தப்பா, படிக்கறவங்க தப்பா?

இரண்டும் இல்லை, எழுத்தின் குணம். 2005-இல் ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி ஆகியோர் மின்னஞ்சலில் கிண்டல் எவ்வளவு போய்ச் சேருகிறது என்று சோதித்தார்கள். எழுதியவர்களுக்குத் தாங்கள் கிண்டலாகச் சொன்னது புரிந்துவிடும் என்ற நம்பிக்கை ஏகமாக இருந்தது. படித்தவர்களோ பூவா தலையா போட்டுப் பார்த்ததற்குப் பக்கத்தில்தான் இருந்தார்கள். காரணம் இதுதான்: எழுதும்போது நம் காதுக்குள் நம் குரல் ஓடுகிறது. அந்தக் குரலைக் காகிதத்தில் ஏற்ற முடியாது.

இதைவிட எனக்குப் பிடித்த சோதனை எலிசபெத் நியூட்டன் 1990-இல் ஸ்டான்ஃபோர்டில் செய்தது. எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் தாளத்தை ஒருவர் மேசையில் தட்ட வேண்டும். இன்னொருவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேர் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 பாட்டில் மூன்றுதான் தேறியது. நீங்கள் இப்போதே வீட்டில் செய்து பார்க்கலாம். தட்டுகிறவர் முகத்தில் வரும் "இதுகூடத் தெரியலையா?" என்ற அலுப்பைக் கவனியுங்கள். கிண்டல் புரியாதவரைப் பார்த்து நமக்கு வருவதும் அதே அலுப்புதான்.

இந்தச் சிக்கல் தெரிந்துதான் ஸ்காட் ஃபால்மன் என்ற கணினி அறிவியலாளர் 1982 செப்டம்பர் 19 அன்று, விளையாட்டாகச் சொன்னதைக் காட்ட முக்காற்புள்ளி, சிறு கோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துப் படுத்த சிரிப்பு முகம் ஒன்றைப் போடலாம் என்று எழுதினார். சிரிப்பு முகம் போடுவது நாகரிகக் குறைவு என்று நினைக்கும் பெரியவர்கள் இதைப் படிக்க வேண்டும். அவசியமான நிறுத்தக்குறி அது. ஒரு வரிக்கு ஒன்பது போடுவதுதான் அதிகம்.

காமெடித் தொடர்ல பின்னாடி சிரிப்புச் சத்தம் போடறாங்களே, நாங்க என்ன மடையங்களா?

மடையர்கள் என்பதால் போடவில்லை. தனியாகப் பார்க்கிறோம் என்பதால் போட்டார்கள். சிரிப்பை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த ராபர்ட் ப்ரொவைன், மனிதர்கள் தனியாக இருப்பதைவிடக் கூட்டத்தில் இருக்கும்போது சுமார் முப்பது மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று கண்டார். இயல்பான பேச்சில் சிரிப்புக்கு முன்னால் வந்த வாக்கியங்களில் நகைச்சுவை என்று சொல்லத்தக்கவை ஐந்தில் ஒன்றுகூட இல்லை. மீதியெல்லாம் "சரி, அப்புறம் பார்ப்போம்" போன்ற சாதாரணப் பேச்சு. நாம் சிரிப்பது பெரும்பாலும் பக்கத்து ஆளுக்காக.

அரங்கத்தில் அந்தப் பக்கத்து ஆள் இருந்தார், வீட்டுத் தொலைக்காட்சியில் இல்லை. 1950களில் சார்லி டக்ளஸ் என்ற அமெரிக்க ஒலிப் பொறியாளர், விதவிதமான சிரிப்புகளைப் பதிந்து வைத்து, விசையைத் தட்டினால் வரும்படி ஒரு பெட்டியே செய்துவிட்டார். யாரும் பார்க்காதபடி அதைப் பூட்டி வைத்திருப்பாராம். எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்காது. ஆனால் இப்போது கைப்பேசியில் தனியாகப் பார்க்கும் குறும்படத்தில் கீழே ஓடும் அழுது சிரிக்கும் முகங்களின் வரிசை, அந்தப் பெட்டியின் பேரப்பிள்ளை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இப்ப வர்ற ஜோக்குக்கு எனக்குச் சிரிப்பே வரலை. ரசனை செத்துப்போச்சா?

சாகவில்லை. தீர்ந்துபோவது வேறு. ஒரே படத்துக்கு வேறு வேறு வசனம் போட்டு முப்பது பேர் அனுப்பினால், நான்காவதிலேயே நமக்கு வரப்போவது தெரிந்துவிடும். சிரிப்பு எதிர்பாராத திருப்பத்தில் பிறக்கிறது. எதிர்பார்த்துவிட்ட பிறகு அங்கே என்ன இருக்கிறது?

ஆனால் கேள்விக்குப் பின்னால் இன்னொரு மனக்குறையும் இருப்பதைக் கவனித்திருக்கிறேன். "இப்ப எல்லாம் ஆளைக் கேலி பண்றதுதான் காமெடி" என்பார்கள். இது இப்போதைய கண்டுபிடிப்பு இல்லை. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். முதலில் நிற்பதே எள்ளல். பதினேழாம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸும் அடுத்தவரைவிட நாம் மேல் என்று திடீரென்று தோன்றும் பெருமிதம்தான் சிரிப்பு என்றார். ஆனால் மீதி மூன்றைப் பாருங்கள்: குழந்தைத்தனம், வெகுளித்தனம், தெரியாத்தனம். இவற்றில் சிரிக்கிறவர் மேலே நிற்க வேண்டியதில்லை. தன்னையே பார்த்தும் சிரிக்கலாம். நான்கு வாசல் இருக்க, எல்லோரும் ஒரே வாசலில் முண்டியடிப்பதுதான் இப்போதைய குறை. உருவம், நிறம், உடல் எடை, திக்குவாய் இவற்றை வைத்துச் சிரிக்க வைக்க ஒரு உழைப்பும் வேண்டாம். சோம்பேறித்தனத்துக்கு நான் கைதட்டுவதில்லை, அவ்வளவுதான்.

பிராங்க் வீடியோ எல்லாம் சும்மா ஜாலிதானே, அதையும் தப்புன்னு சொல்றீங்களே?

எல்லாவற்றையும் சொல்லவில்லை. ஏமாற்றுகிறவர் கடைசியில் தானே அசடு வழிந்தால் நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். ஆனால் தெருவில் போகிற முதியவரின் பையைப் பிடுங்கி ஓடி, அவர் மூச்சு வாங்க நிற்கும்போது "அங்கே கேமரா இருக்கு, கை ஆட்டுங்க" என்பது வேறு ரகம். அந்த வீடியோவை ஒலி இல்லாமல் ஒரு தடவை பாருங்கள். இசையும் சிரிப்பும் போன பிறகு மிஞ்சுவது ஒரு மனிதர் பயப்படுவது மட்டும்தான். பார்வையும் வருமானமும் வீடியோ எடுத்தவருக்கு, பயம் அந்த முதியவருக்கு. முதல் பதிலின் அளவுகோலை இங்கே வைக்க யோசிக்கவே வேண்டாம்.

"ஜோக்குக்குச் சொன்னேன், இதுக்குப்போய் கோவிச்சுக்கறியே"ன்னா என்ன பதில் சொல்றது?

இது தந்திரமான வாக்கியம். குத்தியதும் அவர், இப்போது தாங்கத் தெரியாத குற்றவாளி நீங்கள். கோபப்பட்டால் அவர் சொன்னது நிஜமாகிவிடும், சிரித்தால் அடுத்த முறை இன்னும் ஆழமாகக் குத்துவார்.

நான் பார்த்ததில் வேலை செய்த பதில் ஒன்று உண்டு: குரலை உயர்த்தாமல், உண்மையான ஆர்வத்தோடு "இதுல சிரிப்பு எங்க இருக்கு, கொஞ்சம் விளக்குங்க" என்று கேட்பது. நல்ல நகைச்சுவையாக இருந்தால் விளக்கிவிடுவார், நீங்களும் சிரித்துவிடலாம். எள்ளல் மட்டும்தான் என்றால் விளக்க விளக்க அவர் முகம் மாறும். ஆனால் ஒன்று: நெருங்கிய நண்பர்களுக்குள் இருக்கும் திட்டும் கிண்டலும் இந்தக் கணக்கில் வராது. அங்கே இரண்டு பக்கமும் சமமாக வாங்கிக்கொள்கிறார்கள். எப்போதும் ஒரே ஆள்தான் வாங்குகிறார் என்றால் அது நட்புக் கிண்டல் இல்லை.

தள்ளுபடின்னு பார்த்தா கை தானா போயிடுது. ஏன் இப்படி?

கை தானாகப் போகவில்லை, இழுக்கிறார்கள். அடித்துக் காட்டப்பட்ட பெரிய விலை உங்கள் மனதில் முதலில் நங்கூரம் போடுகிறது. அதற்குப் பிறகு எந்த எண்ணும் சின்னதாகத்தான் தெரியும். ட்வர்ஸ்கி, கானமன் என்ற உளவியலாளர்கள் 1974-இலேயே இதை விளக்கிவிட்டார்கள். 1000-க்குப் பதில் 999 என்று போடுவது, நாம் இடப்பக்க எண்ணை முதலில் படித்து அதிலேயே நின்றுவிடுவதால். "இன்னும் 9 நிமிடம் 40 விநாடிதான்" என்று ஓடும் கடிகாரத்தைப் பார்த்தால், பக்கத்தை மூடிவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். பல தளங்களில் கடிகாரம் வெட்கமே இல்லாமல் பத்து நிமிடத்திலிருந்து ஆரம்பிக்கும்.

என் வழி: கூடையில் போட்டுவிட்டு ஒரு இரவு விட்டுவிடுவேன். மறுநாள் ஞாபகம் வந்தால் வாங்குவேன். பெரும்பாலும் கடைதான் எனக்கு ஞாபகப்படுத்தி மின்னஞ்சல் அனுப்புகிறது, நான் மறந்திருப்பேன்.

சந்தா சேர ஒரு தட்டு. நிறுத்த மட்டும் ஏன் இத்தனை பக்கம்?

தெரிந்தே செய்வது. வடிவமைப்பாளர் ஹாரி பிரிக்னல் 2010-இலிருந்து இப்படிப்பட்ட தந்திரங்களைப் பெயரிட்டுத் தொகுத்து வருகிறார். நுழைவது சுலபம், வெளியேறுவது கஷ்டம் என்பது அவற்றில் ஒரு வகை. மிகப் பெரிய உதாரணம் நீதிமன்றம் வரை போனது. அமேசான் பிரைம் சந்தாவை ரத்து செய்யும் வழிக்கு அந்த நிறுவனத்துக்குள்ளேயே "இலியட்" என்று பெயர் வைத்திருந்தார்கள் என அமெரிக்க வணிக ஆணையம் 2023-இல் வழக்குப் போட்டது. ஆயிரக்கணக்கான வரிகளில் ஒரு நீண்ட போரைப் பாடும் கிரேக்கக் காவியம் அது. பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு அந்த வழக்கு சமரசமானது.

என்னை ஒரு நிறுவனம் (பெயர் வேண்டாம்) ஒரு மாலை முழுக்க அலைக்கழித்தது. கடைசிப் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். ஒன்று பெரிதாக, பளிச்சென்ற நிறத்தில்: "தொடர்ந்து சேமிக்கிறேன்". இன்னொன்று வெளிர் சாம்பல் நிறத்தில், படிக்கவே முடியாத எழுத்தில்: "வேண்டாம், சலுகைகளை இழக்கச் சம்மதிக்கிறேன்". ஏதோ சொத்தை எழுதிக் கொடுப்பது போல. வாங்குகிறவரைக் கூச்சப்பட வைக்கும் இப்படிப்பட்ட வாசகங்களையும், சந்தாப் பொறியையும், போலி அவசரத்தையும் சேர்த்து இந்தியா 2023 நவம்பரில் 13 வகைத் தந்திரங்களுக்குத் தடை விதித்தது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். இலவச சோதனைக் காலத்தில் சேர்ந்த உடனேயே ரத்து செய்துவிடுங்கள். பல சேவைகள் காலம் முடியும்வரை ஓடத்தான் விடும்.

பழைய சாமான் எல்லாம் உழைச்சது. இப்ப வேணும்னே சீக்கிரம் கெடற மாதிரி செய்யறாங்களா?

செய்த வரலாறு உண்டு. 1920களின் நடுவில் உலகின் பெரிய விளக்கு நிறுவனங்கள் ஜெனீவாவில் கூடி ஃபீபஸ் என்ற கூட்டணி அமைத்தன. குண்டு விளக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் எரியக்கூடாது என்று முடிவு செய்து, கூடுதலாக எரிந்தால் தயாரித்தவருக்கு அபராதமும் போட்டன. நம் காலத்தில், பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் குறைக்கிறது என்பதை 2017-இல் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. மின்கலம் தேய்ந்த போன் திடீரென அணைந்துவிடாமல் இருக்கவே அப்படிச் செய்ததாகச் சொன்னது. அதை வாங்கியவர்களுக்குச் சொல்லவில்லை என்பதற்காக 2020-இல் பிரான்ஸில் 2.5 கோடி யூரோ அபராதம் கட்டியது.

ஆனால் "பழையதெல்லாம் உழைத்தது" என்பதை முழுதாக நம்பாதீர்கள். இன்று நம் கண்ணில் படுபவை உழைத்தவை மட்டும்தான். உடன் வாங்கி இரண்டே வருடத்தில் கெட்டவை எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன. அவற்றுக்காகச் சாட்சி சொல்ல யாருமில்லை. நன்றாக ஓடுகிற போனை மாற்றுகிறவர்களும் நம்மில்தான் இருக்கிறார்கள். அதற்குச் சதி எதுவும் தேவைப்படவில்லை.

ஒண்ணு புதுசா வாங்கினா மத்ததெல்லாம் பழசாத் தெரியுதே?

பிரெஞ்சு அறிஞர் தெனி திதெரோவும் 1769-இல் இதையே புலம்பியிருக்கிறார். யாரோ கொடுத்த அழகான புது அங்கி வீட்டுக்கு வந்ததும் நாற்காலி, மேசை, சுவர்ப் படம் எல்லாம் அதற்குப் பொருத்தமில்லாமல் தெரிந்தன, ஒவ்வொன்றாக மாற்றினார். பழைய அங்கிக்குத் தான் எஜமானாக இருந்ததாகவும், புது அங்கிக்கு அடிமையாகிவிட்டதாகவும் எழுதினார். முதல் பொருளைப் பரிசாகப் பெற்றவருக்கே இந்தக் கதி.

எதுக்கெடுத்தாலும் அஞ்சு ஸ்டார் குடுங்கன்னு கேக்கறாங்க. குடுக்காட்டி மரியாதை இல்லையா?

நிறுவனம் தன் மேற்பார்வையாளரின் வேலையை உங்களிடம் சம்பளமில்லாமல் கொடுத்திருக்கிறது. செய்யாமல் விட்டால் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

ஆனால் போட முடிவு செய்தால் ஒன்று நினைவிருக்கட்டும்: பல இடங்களில் ஐந்துதான் "சரி", நான்கே "குறை". பொருளின் மேல் கோபம் என்றால் பொருளுக்கு எழுதுங்கள். கொண்டுவந்து கொடுத்தவரின் மதிப்பெண்ணில் அதைக் காட்டாதீர்கள்.

எங்கப்பாதான் ஸ்பீக்கர்ல கத்திப் பேசறார். அவர்கிட்ட எப்படிச் சொல்றது?

இந்தக் கேள்வியில்தான் என் அளவுகோல் தடுமாறுகிறது. மூன்றாவது பதிலில் ஸ்பீக்கர்காரர்களைப் பிடி பிடி என்று பிடித்தேன். ஆனால் அறுபது வயதைத் தாண்டியவர்களில் கால்வாசிக்கும் மேற்பட்டோருக்கு அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குச் செவித்திறன் குறைகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயதாகும்போது முதலில் போவது கீச்சொலிகள். பேச்சில் ச, த போன்ற மெய்களின் தெளிவு அதில்தான் இருக்கிறது. சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. அதனால் ஒலியைக் கூட்டுவார், தன் குரலையும் கூட்டுவார். அது மரியாதைக் குறைவு இல்லை.

அதனால் அவரிடம் நாகரிகம் பற்றிப் பேசாதீர்கள். முதலில் காதைப் பரிசோதிக்க அழைத்துப் போங்கள். இப்போது வரும் பல காதுக் கருவிகள் போனோடு நேராக இணைகின்றன. மறுமுனைக் குரல் காதுக்குள்ளேயே வந்துவிடும். அதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால், இரண்டு காதையும் மூடும் தலையணிக் கருவியை வாங்கிக் கொடுங்கள். ஒற்றைக் காதில் போனை வைத்துக் கேட்பதைவிட அது தெளிவு. சொல்லியே ஆக வேண்டும் என்றால், "சத்தமாப் பேசறீங்கப்பா" என்று ஆரம்பிக்க வேண்டாம். "அத்தை வீட்டு விஷயம் எல்லாம் வெளிய இருக்கறவங்களுக்குக் கேக்குதுப்பா" என்று சொல்லிப் பாருங்கள். குரல் குறையாவிட்டாலும், எழுந்து உள்ளே போய்ப் பேசுவார்.